ஆல்பர்ட் லான்ஸ்: கல்லாஸ் படத்தில் வரும் மூன்றாவது ஆள்

#1 வேம்படி

ஓபரா பாடகி மரியா கல்லாஸ் பாரிஸில் முதன்முதலாகப் பாடிய நிகழ்ச்சி, 1958 டிசம்பர் 19, பலே கார்னியே அரங்கம். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை இந்தக் குழுவில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். முதல் பாதியில் தனித்தனிப் பாடல்கள். இரண்டாம் பாதியில் புச்சீனியின் 'டோஸ்கா' ஓபராவின் இரண்டாம் அங்கத்தை உடை, ஒப்பனை, அரங்க அமைப்பு எல்லாம் போட்டு முழுசாக நடித்தார்கள். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ரெனே கோத்தி நேரில் வந்திருந்தார். யூரோவிஷன் வழியாகப் பல நாடுகளில் நேரலையாகவும் போனது.

கல்லாஸைப் பற்றியும், வில்லன் ஸ்கார்பியாவாக வந்த டிட்டோ கோபியைப் பற்றியும் இங்கே எத்தனையோ இழைகள் ஓடிவிட்டன. அந்த அங்கத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். ஓவியன் காவரதோசியாக வரும் டெனர், ஆல்பர்ட் லான்ஸ். அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த இழை.

பிறந்தது 1925ல், தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில். வீட்டில் வைத்த பெயர் லான்சலாட் ஆல்பர்ட் இங்கிராம். ஆஸ்திரேலிய மேடைகளில் லான்ஸ் இங்கிராம் என்று பாடினார், பிரான்சுக்குப் போனபின் ஆல்பர்ட் லான்ஸ் ஆனார். 1950ல் மெல்பனில் அரங்கேற்றம், அதே காவரதோசி வேடத்தில். பிறகு பாரிஸ் போய் டொமினிக் மொதெஸ்தி என்ற ஆசிரியரிடம் குரலைச் செதுக்கிக்கொண்டார். 1955ல் ஒபேரா கோமிக் அரங்கில் மறுபடியும் காவரதோசி. அடுத்த ஆண்டே பலே கார்னியே. அன்றிலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை அந்த நகரத்தின் முக்கியமான டெனர்களில் ஒருவராக இருந்தார். 1967ல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 2013 மே மாதம் தென் பிரான்சின் ஆன்தீப் நகரில் காலமானார்.

என் கட்சி இதுதான்: இவர் கல்லாஸ் வரலாற்றின் அடிக்குறிப்பு அல்ல. தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டிய பாடகர். இன்று ஏன் பெயர் தெரியாமல் போனார் என்பதற்குக் குரல் காரணமில்லை, அவர் பாடிய காலத்து ஏற்பாடு மொத்தமும் கலைந்துபோனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கேட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 இளவேனில்

நான் இந்த இசைக்குப் புதுசு. அந்தப் படத்தைப் போன மாதம்தான் பார்த்தேன். அந்த டெனரை ஞாபகம் இருக்கிறது. உள்ளே இழுத்துப் போகிறார்கள், அலறல் கேட்கிறது, ரத்தக்கறையோடு வெளியே கொண்டுவருகிறார்கள், ஏதோ உரக்கப் பாடுகிறார், மறுபடி இழுத்துப் போகிறார்கள். அவ்வளவுதானே? அதை வைத்து ஒருவர் நல்ல பாடகரா இல்லையா என்று எப்படிச் சொல்வது? டெனர் என்றால் ஆண்குரலில் மேலே போகும் குரல் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

#3 கார்முகில்

இளவேனில், சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். டெனர் பற்றி நீங்கள் வைத்திருக்கும் விளக்கமே போதும், தைரியமாகக் கேட்க ஆரம்பியுங்கள்.

'டோஸ்கா'வில் டெனருக்கு இரண்டு பெரிய பாடல்கள். ஒன்று முதல் அங்கத்தில் தேவாலயத்தில் ஓவியம் வரையும்போது. இன்னொன்று மூன்றாம் அங்கத்தில், விடிந்தால் சுட்டுக் கொல்லப்போகிறார்கள் என்ற நிலையில் நட்சத்திரங்களைப் பார்த்துப் பாடுவது. பாரிஸில் அன்று போட்டது இரண்டாம் அங்கம். மூன்று அங்கங்களில் டெனருக்குத் தனிப்பாடலே இல்லாத அங்கம் அதுதான். அவரைப் பற்றி உலகம் பார்த்த ஒரே படத்தில் அவருக்குத் தனிப்பாட்டு இல்லை. பெயர் நிலைக்காததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆனால் ஒரு கணம் உண்டு. அதை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். சித்திரவதை முடிந்து அவனைக் கொண்டுவந்து போடுகிறார்கள். 'நான் எதையும் சொல்லிவிட்டேனா?' என்று காதலி டோஸ்காவிடம் கேட்கிறான், இல்லை என்கிறாள். அந்த நேரம் பார்த்து ஸ்கார்பியா தன் ஆளிடம், தேடும் கைதி தோட்டத்துக் கிணற்றில் இருக்கிறான் என்று உரக்கச் சொல்கிறான். சொன்னது டோஸ்காதான் என்று காவரதோசிக்குப் புரிந்துவிடுகிறது. அவளை வெறுத்துத் தள்ளுகிறான். அடுத்த நொடி செய்தி வருகிறது: மரெங்கோ போரில் ஸ்கார்பியாவின் எதிரி நெப்போலியன் ஜெயித்துவிட்டான். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாதவன் எழுந்து 'விட்டோரியா!' என்று வெற்றி முழக்கம் இடுகிறான்.

அந்த ஒரு சொல்லை டெனர் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் உச்சத்தில் எடுத்து நிறுத்த வேண்டும். முன்னால் தனிப்பாடல் பாடிக் குரலைச் சூடாக்கிக்கொள்ள வழியில்லை. அதுவரை பாடியதெல்லாம் துண்டு துண்டான வரிகள், பிறகு திரைக்குப் பின்னாலிருந்து வலியில் முனகல். அங்கிருந்து நேராக அந்த உச்சி. லான்ஸ் அதைப் பிடிக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். கத்தலாகப் போகவில்லை, ஸ்வரம் நேராக நிற்கிறது, குரலில் ஒரு உலோகப் பளபளப்பு. பக்கத்தில் கல்லாஸும் கோபியும் நிற்கும்போது அந்த அரை நிமிடம் மேடை இவருடையதாகிறது.

#4 தில்லைநகர்

எனக்கு உடன்பாடு இல்லை. லான்ஸ் நம்பகமான பாடகர், சந்தேகமே வேண்டாம். வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுப்பவர். ஆனால் அதே காலத்தில் அதே பாரிஸில் அலென் வான்சோ பாடிக்கொண்டிருந்தார். வான்சோவின் மெல்லிய குரல் மேலே போகப் போகக் கனம் குறைந்து, மார்புக் குரலும் தலைக்குரலும் எங்கே கலக்கின்றன என்று தெரியாமல் கரையும். பிரெஞ்சு ஓபரா என்றால் எனக்கு அதுதான். லான்ஸ் பாடும்போது அந்த நுணுக்கம் இல்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் முழுக்குரலிலேயே தருகிறார். மறக்கப்பட்டதற்கு ஏற்பாடு கலைந்தது காரணம் என்கிறீர்கள் வேம்படி. வான்சோவுக்கும் அதே ஏற்பாடுதானே? அவரை இன்றும் கேட்கிறார்களே.

#5 வேம்படி

நல்ல கேள்வி, தில்லைநகர் சார். வான்சோவை நானும் ரசிப்பவன்தான். ஆனால் இரண்டு பேருக்கும் வேலை வேறு.

1959 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பிசேயின் 'கார்மென்' 1875ல் ஒபேரா கோமிக்கில் பிறந்த ஓபரா. அதன்பின் எண்பது ஆண்டுக்கு மேல் பாரிஸில் அதன் வீடு அந்தச் சின்ன அரங்கம்தான். 1959ல்தான் அதைப் பெரிய மேடையான பலே கார்னியேவுக்குக் கொண்டுபோனார்கள். ரேமோன் ரூலோ இயக்கம், லீலா தெ நோபிலி அரங்க வடிவமைப்பு, ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் ரொபெர்தோ பென்சி. ஜனாதிபதி தெகோல் வந்து பார்த்தார். கார்மெனாக ஜேன் ரோட்ஸ், காளைப்போர் வீரனாக ரொபெர் மசார், டான் ஹோசேயாக ஆல்பர்ட் லான்ஸ். பிரான்சின் பெருமை என்று அவர்களே கொண்டாடும் ஓபராவின் மிகப்பெரிய அரங்கேற்றம் அது. கதாநாயகன் வேடத்தை அடிலெய்டிலிருந்து வந்தவரிடம் கொடுத்தார்கள்.

டான் ஹோசே எப்படிப்பட்ட வேடம் என்று யோசியுங்கள். முதல் அங்கத்தில் அம்மாவின் கடிதத்தைப் படித்து உருகும் கிராமத்துச் சிப்பாய். இரண்டாம் அங்கத்தில் வாடிய பூவை எடுத்து வைத்துப் பாடும் காதலன். மூன்றாவதில் பொறாமை. கடைசியில் காளைப்போர் அரங்கின் வாசலில், உள்ளே கூட்டம் ஆரவாரம் செய்ய, கெஞ்சிக் கெஞ்சிக் கடைசியில் கத்தி எடுப்பவன். தொடக்கத்துக்கு மென்குரல் வேண்டும், முடிவுக்குக் கனமான குரல் வேண்டும். முழு ஆர்கெஸ்ட்ராவும் எதிரே நிற்கும். மென்குரல் டெனர்களுக்குக் கடைசி அங்கம் ஆபத்து, கனத்த குரல்காரர்களுக்குப் பூப்பாட்டு ஆபத்து. லான்ஸ் நடுவில் நின்றவர். அந்த நடுக்குரல்தான் ஒரு ஓபரா அரங்கத்துக்கு அன்றாடம் தேவைப்படுவது. வான்சோ தங்க நகை, லான்ஸ் வீட்டைத் தாங்கும் தூண். ரசிகர் மனசில் நிற்பது நகைதான், எனக்குத் தெரியும். அதற்காகத் தூணைக் கணக்கில் எடுக்காமல் விடலாமா?

#6 செந்நதி

வணக்கம் எல்லாருக்கும். நான் பாரிசில இருக்கிறன். கார்னியே, ஒபேரா கோமிக் ரெண்டுக்கும் போய் வாறனான். வேம்படி அண்ணை சொன்ன "ஏற்பாடு" எண்டதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னா இளவேனிலுக்கும் விளங்கும்.

இண்டைக்கு ஒரு பெரிய ஓபராவில டெனர் வேணுமெண்டா உலகம் முழுக்க இருந்து ஆளைக் கூப்பிடுவினம். நாலைஞ்சு கிழமை ஒத்திகை, ஏழெட்டுத் தரம் பாட்டு, பிறகு அவர் அடுத்த ஊருக்கு விமானம் ஏறிப் போயிடுவார். லான்ஸின்ர காலத்தில அப்பிடி இல்லை. கார்னியேயும் ஒபேரா கோமிக்கும் 1939இல இருந்து ஒரே நிர்வாகத்துக்குக் கீழ. அரங்கத்துக்கெண்டு சொந்தமா ஒரு பாடகர் குழு இருந்தது, துரூப் எண்டு சொல்லுவினம். மாசச் சம்பளம். இந்தக் கிழமை 'ஃபாஸ்ட்', அடுத்த கிழமை 'ரிகொலெத்தோ', அதுக்குப் பிறகு 'பட்டர்ஃபிளை' எண்டு மாறி மாறிப் பாடவேணும். ஒராளுக்குத் தொண்டை கட்டினா மற்றவர் உடன வந்து நிக்கவேணும். சனமும் ஒரே ஆக்களை வருசக்கணக்கா வேற வேற வேசத்தில பாத்துப் பழகியிருக்கும்.

ரெண்டாவது விசயம், எல்லாமே பிரெஞ்சில. இத்தாலிய ஓபராவையும் பிரெஞ்சில மொழிபெயர்த்துத்தான் பாடுவினம். லான்ஸ் ஒபேரா கோமிக்கில பாடின 'டோஸ்கா'வும் பிரெஞ்சில்தான். மெல்பனில அந்த நாளில ஆங்கிலத்தில பாடுற வழக்கம். அப்ப பாருங்கோ, 1958இல கல்லாஸோட இத்தாலியனில நிண்டு பாடினவர், அதே வேசத்தை மற்ற நாளில பிரெஞ்சில பாடிக்கொண்டிருந்தவர். ஒரு வேசம், மூண்டு பாசை. இதைச் செய்துபோட்டு ஒரு தடுமாற்றமும் இல்லாமல் நிக்கிறார் எண்டதே எனக்குப் பெரிய விசயம்.

#7 தில்லைநகர்

அந்த மொழிபெயர்ப்பு விஷயம்தான் எனக்கு உறுத்தல். புச்சீனி இத்தாலியச் சொற்களை மனதில் வைத்து இசையமைத்தவர். பிரெஞ்சில் 'டோஸ்கா' கேட்டால் வரிகளின் முனை மழுங்கிவிடுகிறது. இத்தாலியத்தில் அகரத்திலும் ஓகாரத்திலும் திறந்து நிற்கும் உச்ச ஸ்வரம், பிரெஞ்சில் மூக்குக்குள் போய் ஒடுங்குகிறது. லான்ஸின் ஒலிப்பதிவுகளில் பெரும்பகுதி இப்படி மொழிபெயர்ப்பில் இருப்பதால்தான் உலகச் சந்தையில் அவை நிற்கவில்லை. அது நியாயம்தான் என்பது என் எண்ணம்.

#8 கார்முகில்

சந்தையில் நிற்கவில்லை என்பது உண்மை. நியாயம் என்பதை ஏற்க மாட்டேன்.

'டோஸ்கா' 1903ல் பாரிஸுக்கு வந்தபோது ஒபேரா கோமிக்கில் பிரெஞ்சில்தான் பாடினார்கள், புச்சீனியே நேரில் வந்து ஒத்திகை பார்த்தார். மாஸ்னேயின் 'வெர்தர்' பிரெஞ்சு ஓபராக்களின் சிகரம் என்கிறோம். அது முதலில் மேடையேறியது 1892 பிப்ரவரியில், வியன்னாவில், ஜெர்மன் மொழியில். மாஸ்னே அதைத் தாழ்வாக நினைக்கவில்லை. வெர்டி 'டான் கார்லோ'வைப் பிரெஞ்சுச் சொற்களுக்குத்தான் இசையமைத்தார், இன்று பாதி உலகம் அதை இத்தாலியத்தில் கேட்கிறது. கேட்பவர்களுக்குப் புரியும் மொழியில் பாடுவது அந்த நாளின் பொது வழக்கம். மூல மொழியில்தான் பாட வேண்டும் என்பது பிறகு வந்த ரசனை. அந்த ரசனை தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து முந்தைய தலைமுறைப் பாடகர்களை எடைபோட்டால் தராசு சாய்ந்துதான் நிற்கும்.

மூக்கொலி பற்றிச் சொன்னீர்கள். பிரெஞ்சில் பாடும் எல்லா டெனருக்கும் அது தலைவலி. ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு இரட்டைத் தலைவலி. லான்ஸின் முழு 'வெர்தர்' ஒலிப்பதிவு 1964ல் வந்தது. சார்லோட்டாக ரீத்தா கோர், சோஃபியாக மாதி மெஸ்ப்லே, ஆல்பெராக கப்ரியேல் பாக்கியே, நடத்தியவர் ஜெசூஸ் எச்செவெரி. பெண்குரல்களில் ரீத்தா கோர் பெல்ஜியத்துக்காரர், மெஸ்ப்லே பிரெஞ்சுக்காரர். பாக்கியே தெற்கு பிரான்ஸ். இத்தனை பேர் நடுவில் சொல் உச்சரிப்பில் துருத்திக்கொண்டு தெரிய வேண்டியவர் லான்ஸ். தெரியவில்லை. மூன்றாம் அங்கத்தில் சார்லோட் கையில் கொடுக்கும் கவிதையை வெர்தர் படிக்கத் தொடங்கி, அது அவனுடைய சொந்தத் துயரமாக மாறும் பாடல் இருக்கிறதே, அதில் வசந்தம் என்று வரும் இடத்தை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். இரண்டு அசையும் மூக்கொலி. ஒலியை முன்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மூக்குக்கு ஒரு சாயல் மட்டும் கொடுக்கிறார். குரல் உள்ளே போய் அடைபடவே இல்லை. நான் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறவள், இதைச் செய்ய எத்தனை பயிற்சி வேண்டும் என்று தெரியும். மொதெஸ்தியிடம் கற்றது அந்த இடத்தில் கேட்கிறது.

#9 மெல்பன்வாசி

இழையை இன்றுதான் பார்த்தேன். ஆஸ்திரேலியப் பக்கத்துக் கதையைக் கொஞ்சம் சேர்க்கிறேன், அது இல்லாமல் இவர் ஏன் போனார் என்பது விளங்காது.

லான்ஸ் பாட ஆரம்பித்த 1950ல் இந்த நாட்டில் நிரந்தரமான தேசிய ஓபரா குழு கிடையாது. மெல்பனில் கெர்ட்ரூட் ஜான்சன் என்ற பெண்மணி 1935ல் தொடங்கிய நேஷனல் தியேட்டர் இயக்கம் இருந்தது. அவரே வெளிநாட்டில் பாடிவிட்டுத் திரும்பிய பாடகி. திறமைசாலிகள் எல்லாரும் கப்பலேறுகிறார்களே, இங்கேயே ஒரு மேடை வேண்டாமா என்ற எண்ணத்தில் தொடங்கியது. சிட்னியில் வேறொரு குழு. எலிசபெத்தன் தியேட்டர் டிரஸ்ட் வந்தது 1954ல், அதன் ஓபரா குழு முதல் பருவத்தை நடத்தியது 1956ல். சிட்னி ஓபரா ஹவுஸ் திறந்தது 1973 அக்டோபரில். லான்ஸ் பாரிஸில் அரங்கேறியது 1955. கணக்குப் போட்டால் தெரியும், அவருக்குத் தேவையான மேடை இங்கே வருவதற்குள் அவர் வேறொரு நாட்டில் முதல் வரிசையில் நின்றுவிட்டார். ஜோன் சதர்லாந்தும் 1951லேயே லண்டன் போய்விட்டார், இவரைவிட ஒரு வயது இளையவர்.

போகாமல் இருந்தவர் கதையும் உண்டு, அதாவது போய்த் திரும்பியவர். டொனால்ட் ஸ்மித், 1920ல் குவீன்ஸ்லாந்தின் பண்டபர்க்கில் பிறந்தவர். கரும்பு விளையும் ஊர், கரும்பு வெட்டும் வேலை செய்தவர். லண்டனில் படித்தார், அறுபதுகளில் சாட்லர்ஸ் வெல்ஸ் குழுவில் பாடினார், பிறகு ஆஸ்திரேலிய ஓபராவின் செல்லப்பிள்ளை ஆனார். இங்கே வயதானவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் முகம் மலரும். லான்ஸ் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார்கள். பிரான்சில் கேட்டால் அங்கே ஓபரா தெரிந்த முதியவர்களுக்கு லான்ஸைத் தெரியும், ஆனால் அவர்கள் அவரைத் தங்கள் ஆளாகத்தான் நினைப்பார்கள். இரண்டு நாடும் சொந்தம் கொண்டாடியிருக்க வேண்டிய மனிதர். எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடிலெய்டு இவருக்காக இன்னும் நிறையச் செய்திருக்கலாம்.

#10 இளவேனில்

அப்படியானால் பிரான்சுக்கு வெளியே பாடவே இல்லையா? அமெரிக்கா, லண்டன் எல்லாம்?

#11 வேம்படி

பாடியிருக்கிறார். லண்டன் கோவென்ட் கார்டனில் பாடினார். 1961ல் சான்பிரான்சிஸ்கோ ஓபரா கூப்பிட்டது. நார்மன் டெல்லோ ஜோயோவின் 'பிளட் மூன்' என்ற புத்தம்புதிய ஓபராவின் முதல் மேடையேற்றம், அதில் மேரி காஸ்டாவுக்கு ஜோடி. புது ஓபராவுக்கு ஒரு வேடத்தை முதன்முதலில் உருவாக்கிக் கொடுப்பது எந்தப் பாடகருக்கும் கௌரவம். ஆனால் அந்த ஓபரா நிலைக்கவில்லை, அதனால் இவருக்கும் அதில் பெயர் மிஞ்சவில்லை. ராசி என்று சொல்வதா என்று தெரியவில்லை. படம் எடுத்த அங்கத்தில் பாட்டில்லை, புதிதாகப் பாடிய ஓபரா நிலைக்கவில்லை, ஒலிப்பதிவில் பாதி மொழிபெயர்ப்பு. குரலைத் தவிர மற்ற எல்லாம் அவருக்கு எதிராகத்தான் இருந்திருக்கிறது.

#12 மெல்பன்வாசி

வேம்படி சொன்ன ஏற்பாட்டு வாதத்துக்கு எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று. ஸ்டூவர்ட் ஸ்கெல்டன், 1968ல் சிட்னியில் பிறந்தவர், இன்றைய ஆஸ்திரேலிய டெனர்களில் முதலில் சொல்ல வேண்டியவர். சிறுவனாக சிட்னி செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் பாடகர் குழு, பிறகு அமெரிக்காவில் சின்சினாட்டியில் படிப்பு. 2004ல் அடிலெய்டில் வாக்னரின் 'ரிங்' நான்கு ஓபராக்களையும் ஆஸ்திரேலியாவிலேயே தயாரித்து மேடையேற்றினார்கள். அதில் ஸீக்முண்ட் வேடம் ஸ்கெல்டன். 2009ல் லண்டனில் பெஞ்சமின் பிரிட்டனின் 'பீட்டர் கிரைம்ஸ்'. 2016ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பருவத் தொடக்கத்தில் டிரிஸ்டான், சைமன் ராட்டில் நடத்தினார்.

'கிரைம்ஸ்' முதல் அங்கத்தில் நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்துப் பாடும் பாடலை ஸ்கெல்டன் பாடிக் கேளுங்கள். ஒரே ஸ்வரத்தில் வரி வரியாக நிற்க வேண்டும், அதுவும் டெனர் குரல் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இசகுபிசகான இடத்தில். இத்தனை பெரிய குரல் அங்கே நூலாக மெலிந்து நிற்பது அதிசயம்.

சொல்ல வந்தது வேறு. ஸ்கெல்டன் சில வேடங்களை ஊர் ஊராக எடுத்துப் போகிறார். கிரைம்ஸ், பார்சிஃபால், டிரிஸ்டான், ஸீக்முண்ட். உலகம் அவரை அந்த வேடங்களால் அடையாளம் காண்கிறது. லான்ஸ் ஓர் ஊரில் இருந்துகொண்டு எல்லா வேடங்களையும் பாடினார். அந்த ஊர்க்காரர்களின் ஞாபகத்தில் மட்டும் இருந்தார். அந்தத் தலைமுறை போகும்போது ஞாபகமும் கூடவே போகிறது. எது நல்ல வாழ்க்கை என்று கேட்டால், ஒரே வீட்டில் தூங்கி எழுந்து, ஒரே மேடைக்கு நடந்து போய், பதினைந்து ஆண்டுக்கு மேல் பாடிய லான்ஸின் வாழ்க்கையில் எனக்குப் பொறாமைதான்.

#13 செந்நதி

அந்த வாழ்க்கை எப்பிடி முடிஞ்சதெண்டதையும் சொல்லவேணும். அறுபதுகளின்ர கடைசியில பாரிஸ் ஓபராவுக்குச் சரியான நெருக்கடி. 1972இல ஒபேரா கோமிக் குழுவைக் கலைச்சிட்டினம். 1973இல ரோல்ஃப் லீபர்மான் பாரிஸ் ஓபராவின்ர பொறுப்பை எடுத்தார். ஹம்பேர்க்கில இருந்து வந்தவர். அவர் வந்ததோட உலக நட்சத்திரங்களைக் கூப்பிடுற முறை, எல்லாம் மூல மொழியில. சனத்துக்கு அது பெரிய கொண்டாட்டம். இண்டைக்கும் லீபர்மான் காலத்தைப் பொற்காலம் எண்டு சொல்லுவினம், அதில பிழையில்லை. ஆனா பழைய துரூப் பாடகர் பலருக்கு அந்தக் கதவு மூடிப்போச்சு. லான்ஸுக்கு அப்ப நாற்பத்தெட்டு வயசு. ஒரு டெனருக்கு இன்னும் சில நல்ல வருசம் மிச்சமிருக்கிற வயசு.

அவர் ஸ்ராஸ்பூர்க் பக்கம் போய் ஒபேரா தியு ரானில பாடினார். புதுசாத் துவங்கின குழு அது. பிறகு நீஸ் கொன்செர்வத்துவாரில, அதாவது இசைக் கல்லூரியில ஆசிரியர். அடிலெய்டில இருந்து வந்தவர் பிரெஞ்சுப் பிள்ளையளுக்குப் பிரெஞ்சுப் பாட்டைச் சொல்லிக் குடுக்கிறார் எண்டா, அதைவிட வேற என்ன சான்றிதழ் வேணும்? தில்லைநகர் ஐயா "நம்பகமான பாடகர்" எண்டு எழுதினதைப் படிக்க எனக்குக் கொஞ்சம் நொந்தது. நம்பகம் சின்ன விசயமில்லை ஐயா. கிழமைக்குக் கிழமை வேசம் மாத்தி, பிழை விடாமல், குரலைக் கெடுக்காமல் அத்தனை வருசம் நிண்டவர்.

#14 தில்லைநகர்

செந்நதி தம்பி, நம்பகம் என்றதைக் குறைவாகச் சொல்லவில்லை. நேற்று இரவு அந்த 'வெர்தர்' முழுவதையும் கேட்டேன். கார்முகில் சொன்ன மூன்றாம் அங்கப் பாடலில் உச்சரிப்பு தெளிவு, சந்தேகமில்லை. இரண்டாம் சரணத்தில் உணர்ச்சி ஏறும்போது குரல் பிளக்காமல் விரிகிறது, அதுவும் அழகு. ஆனால் முதல் அங்கத்தில் வெர்தர் இயற்கையைப் பார்த்து வியக்கும் இடத்தில் எனக்குக் கனவு வேண்டும். லான்ஸ் அங்கே பகல் வெளிச்சத்தில் நிற்கிறார். வான்சோவிடம் எனக்கு அந்தக் கனவு கிடைக்கிறது. நான்காம் அங்கத்தில் சாகும் தருவாயில் பாடும் பகுதிக்கு லான்ஸைத்தான் எடுப்பேன். குரலில் கனம் இருப்பதால் சாவு சாவாகத் தெரிகிறது.

ரீத்தா கோர் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. கடிதங்களைப் படிக்கும் காட்சியில் அந்த அம்மாள் அடித்து நொறுக்குகிறார். அவருக்குத் தனி இழை போட வேண்டும்.

#15 கார்முகில்

சார், இதைத்தான் எதிர்பார்த்தேன். அங்கத்துக்கு அங்கம் பிரித்துச் சொன்னால் பேச முடிகிறது. முதல் அங்கத்தில் நீங்கள் சொல்வது எனக்கும் பாதி சரியாகப் படுகிறது. இரண்டாம் அங்கத்தில் உங்களோடு சண்டை இருக்கிறது, அதை நாளை எழுதுகிறேன். ரீத்தா கோர் இழையை நீங்களே தொடங்குங்கள், அவருடைய டலைலா, ஆம்னெரிஸ் வேடங்கள் எல்லாம் பேச நிறைய இருக்கிறது.

#16 இளவேனில்

நான் எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று யாராவது சொன்னால் நல்லது. முழு ஓபரா கேட்கும் பொறுமை இன்னும் வரவில்லை.

#17 வேம்படி

முதலில் 1958 படத்தின் முதல் பாதிக்குப் போங்கள், அதை எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். 'இல் திரவத்தோரே'யிலிருந்து கல்லாஸ் பாடும் பகுதியின் முடிவில் 'மிசெரேரே' வரும். கதையில் காதலன் கோபுரச் சிறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான், துறவிகள் சாவுப் பிரார்த்தனை பாடுகிறார்கள், வெளியே நிற்கும் அவளுக்கு அவன் குரல் மட்டும் மேலேயிருந்து கேட்கிறது. அந்தக் குரல் லான்ஸ். நடிப்பு, ஒப்பனை எதையும் பார்க்காமல் குரலை மட்டும் கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. பிறகு கார்முகில் சொன்ன 'விட்டோரியா' கணம். அதற்குப் பிறகு 'வெர்தர்' மூன்றாம் அங்கம் மட்டும், ரீத்தா கோரின் கடிதக் காட்சியில் தொடங்கி அங்கம் முடியும் வரை. பிரெஞ்சு வரிகளின் பொருளை யாராவது தமிழில் எழுதிப் போட்டால் புதியவர்களுக்கு வசதி. செந்நதி, நேரம் இருந்தால் அந்த ஒரு பாடலுக்காவது செய்து தர முடியுமா?

#18 செந்நதி

ஓம் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடுறன். கார்மெனில பூப்பாட்டையும் சேர்த்துச் செய்யிறன், ரெண்டையும் லான்ஸின்ர குரலில பக்கத்தில பக்கத்தில வைச்சுக் கேட்கலாம்.